ஓடு வேய்ந்த பந்தல்

கூரையைப் பிரிப்பதற்கு அனுமதி தேவையில்லை. கூரை போடுவதற்குத்தான் தேவை. இந்த விதியின் முற்பாதியை மட்டும் நம்பிக் காரியத்தில் இறங்கிவிட்டதால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு சித்திரை மாதத்தில் பூவங்கரை கணபதியப்பன் தம் மனைவி வடிவாம்பாளுடன் எருமைத் தொழுவத்தில் குடியிருக்க நேர்ந்தது.

அவர் அவசரக்காரர் அல்லர். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நகல் எழுதி வருகிறவர். பிறருடைய பத்திரங்களைப் புள்ளி பிசகாமல் எழுதி எழுதி, வீட்டிலும் அவருக்கு அந்த நடையே வாய்த்துவிட்டது. "சோறு போடட்டுமா?" என்று மனைவி கேட்டால், "மேற்படி சோற்றுடன் மோரும் இருந்தால் நலம்" என்பார். பொய்யான ஒன்றின் கீழ்த் தம் கையெழுத்தை இட்டதில்லை என்பது அவருக்கிருந்த ஒரே பெருமை.

அதே ஊரில் அடுத்த வீட்டுத் தாணுவும் ஓலைக் கூரையை மாற்றி ஓடு போட்டார். அவர் யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீசர் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஓட்டைப் போட்டு, அன்று மாலையே அதன்மேல் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டார். திங்கட்கிழமை கேட்டபோது, "இது எங்க அப்பன் காலத்து ஓடு" என்றார். பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்ததால் அதை மறுக்க எவராலும் முடியவில்லை.

"நீங்களும் ஒரு குட்டுவம் சாணி கரச்சா என்ன?" என்று வடிவாம்பாள் அப்போதே கேட்டாள்.

"சாணிக்கு விதியில் இடமில்லை" என்றார் கணபதியப்பன்.

தை மாதத்திலேயே மூன்று படிகளில் விண்ணப்பம் எழுதி ஒப்படைத்திருந்தார். கொல்லத்து ஓடு வண்டியில் வந்து முற்றத்தில் அடுக்கப்பட்டது. ஓட்டைத் தாங்கும் கழுக்கோலுக்கும் உத்திரத்துக்கும் மரம் அறுத்து வைத்தாயிற்று. பதில் மட்டும் வரவில்லை. கோலப்பன் ஆசாரி பஞ்சாங்கத்தைப் பார்த்து, "சித்திரை பதினாலு விட்டா பின்ன ஆவணிதான் அண்ணாச்சி. எனக்கு வேற வேலை இல்லேன்னு நெனச்சேளா?" என்று சொல்லிவிட்டார். கணபதியப்பன் ஓரிரவு முழுவதும் விதிப்புத்தகத்தைப் படித்து, பிரிப்பதற்குத் தடையேதும் இல்லை என்று கண்டார். பதினான்காம் தேதி முற்பகலுக்குள் கூரை தரைக்கு வந்துவிட்டது. செல்லரித்திருந்த பழைய உத்திரம் தானாகவே இரண்டாக முறிந்து, ஆசாரிக்கு வேலையைக் குறைத்தது.

இனி வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதி மழைக்கு ஏறக்குறைய ஒரு மாதமே இருந்தது. சுவர்கள் நான்கும் மண் சுவர்கள். மேலே மூடாமல் ஒரு மழை பெய்தால், வெந்நீரில் இட்ட கருப்புக்கட்டிபோல் வீடு கரைந்து வாய்க்காலோடு போய்விடும். இது கணபதியப்பனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். எருமைக்கும் தெரிந்திருக்கலாம், அது புதிய குடித்தனக்காரர்களை அத்தனை கவலையோடு பார்த்தது.

"என்னங்கோ, இந்த எருமை நம்மள எப்பம் எறங்கச் சொல்லுமோ தெரியல்ல" என்றாள் வடிவாம்பாள், சாணியை வழித்துக்கொண்டே. "ரெண்டு சுத்துப் புருசன்ட்ட இதுக்கு மேல எதிர்பாத்தா எம்மேலதான் குத்தம்."

'இரண்டு சுற்றுப் புருஷன்' என்பது அவர் பத்தொன்பது ஆண்டுகளாகச் சுமந்துவரும் பட்டம். கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பதினோராம் ஆண்டு, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, ஐப்பசியில் அவர்களுடைய திருமணம் நடந்தது. தாலி கட்டி, கைபிடித்து, மணவறையை இரண்டு முறை சுற்றியாயிற்று. மூன்றாவது சுற்றுக்குக் கால் எடுத்து வைக்கும்போது மழையின் கனம் தாங்காமல் பந்தல் சரிந்தது. மாப்பிள்ளையை ஓலைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். பெண்ணைச் சாம்பார் அண்டாவுக்குப் பின்னாலிருந்து கண்டுபிடித்தார்கள். அன்றைக்குப் பெண்ணின் அத்தை மீனாட்சியம்மாள், ஈரச் சேலையைப் பிழிந்தபடி, "மூணாஞ் சுத்து சுத்தாத கல்யாணம் முடிஞ்ச கல்யாணமில்ல, சொல்லிட்டேன்" என்று ஊரறியச் சொன்னார். அதை ஊர் மறந்துவிட்டது. வடிவாம்பாள் மறக்கவில்லை. உப்பு வாங்க மறந்தாலும் இரண்டு சுற்றுதான். குடையைத் தொலைத்தாலும் இரண்டு சுற்றுதான்.

மறுநாள் கணபதியப்பன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனார். ஆபீசர் கிருஷ்ணமணி திற்பரப்புக்காரர், மரியாதை தெரிந்தவர். விதியை அவர் மீறமாட்டார். ஆனால் அதற்காக ஒவ்வொரு முறையும் உண்மையாகவே வருந்துவார்.

"இரியுங்கோ பிள்ளேவாள். விண்ணப்பம்னா இதுதான் விண்ணப்பம். இப்பிடி ஒரு கையெழுத்து இந்த ஆபீசுக்கு வந்ததில்ல. மேலாபீசுலயும் எல்லாரும் எடுத்து எடுத்துப் பாக்காவளாம்."

"பார்த்துவிட்டு அனுமதி தந்தார்களா?"

"அதெப்படித் தருவாவ? பன்னிரண்டாம் கலம் காலியா கெடக்கே."

பன்னிரண்டாம் கலம் என்பது, பணியைச் செய்யவிருக்கும் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரின் பெயர்.

"கோலப்பன் ஆசாரி என்று எழுதியிருக்கிறேனே."

"ஆசாரி பதிவு செய்யல்லியே. பதியாத பேரை எழுதினா அது எழுதாத கணக்குத்தான்." கிருஷ்ணமணி வருத்தத்துடன் எழுந்து சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். 'பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஒன்று முதல் பத்து வரை எண்கள் இருந்தன. ஒன்றுக்கு எதிரே மட்டும் 'ஞா. ஞானதாசன்' என்று எழுதியிருந்தது.

கணபதியப்பன் நேரே ஆசாரியிடம் வந்து, பதிவு செய்துகொள்ளும்படி மிகவும் கேட்டுக்கொண்டார். ஆசாரி உளியைக் கீழே வைத்தார்.

"அந்த ஆபீசுக்கு உத்திரம் ஏத்தினது ஆரு?"

"நீங்கள்தான்."

"எனக்கு வேலை தெரியும்னு ஆரோ ஒரு எஞ்சினியர் எழுதித் தரணுமாம். நான் ஏத்தின உத்திரத்துக்கு அடியில கசேரியப் போட்டு இருந்துக்கிட்டு, எனக்கு வேலை தெரியுமான்னு கேக்காரு. தலையத் தூக்கி ஒருக்கப் பாக்கச் சொல்லும். பாத்ததுக்கப்புறமும் சந்தேகம் இருந்தா, நான் போயி அந்த உத்திரத்த எறக்கி எடுத்துட்டு வந்துருகேன்."

இதை ஆபீசரிடம் சொல்வது நன்றாக இராது என்று கணபதியப்பனுக்குத் தோன்றியது. ஆகவே அவர் பலகையில் இருந்த ஒரே பெயரைத் தேடிக் கோட்டாற்றுக்குப் போனார்.

ஞானதாசன் அங்கே ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்காகப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். மூங்கிலின் உச்சியில் கவட்டை போட்டு அமர்ந்து, வாயில் கயிற்றைக் கடித்தபடியே முழு விவரத்தையும் கேட்டார். பிறகு இறங்கி வந்து வெற்றிலையை எடுத்தார்.

"ஓடு எனக்குத் தெரியாது பிள்ளேவாள். நான் பந்தக்காரன்."

"ஆனால் பதிவு பெற்றவர் தாங்கள் ஒருவர்தான்."

"கோயில் கொடைக்குப் பந்தல் போடப் போனேன். பதிஞ்ச ஆளாக்கும் வேணும்னு சொன்னானுவ. சவத்த, ஒரு கடலாசுதானேன்னு எழுதிக் குடுத்தேன். வேலை தெரியுமான்னு எங்கிட்ட ஒருத்தனும் கேக்கல்ல; பந்தல் தற்காலிகமாம், அதுக்கு எஞ்சினியர் வேண்டாமாம்." இந்த இடத்தில் அவர் வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "ஓய், உமக்கு விதியெல்லாம் மனப்பாடமாமே. தற்காலிகப் பந்தலுக்கு என்ன சொல்லியிருக்கு?"

கணபதியப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "நான்காம் விதி. குடும்ப விசேஷங்களை முன்னிட்டுப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் அமைக்கும் தற்காலிக மேற்கூரைக்குப் பஞ்சாயத்து ஆபீசரே அன்றைய தினம் அனுமதி வழங்கலாம். மேற்படி விசேஷம் முடிந்த பதினைந்து நாட்களுக்குள் மேற்கூரை அகற்றப்பட வேண்டும்."

"ஓலையால மேயணும்னு இருக்கா?"

கணபதியப்பன் மீண்டும் கண்ணை மூடினார். மனத்துக்குள் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நகலெடுத்துப் பார்த்தார். "இல்லை."

"பின்ன என்ன? கால் நாலு இருக்கா, மேல மூடியிருக்கா, வாசல்ல வாழை கெட்டியிருக்கா? அதாக்கும் பந்தல். மேல ஓலை கெடந்தா என்ன, ஓடு கெடந்தா என்ன? போடும். பதினஞ்சு நாளைக்குள்ள உம்ம மேலாபீசு அனுமதி வந்துட்டா சோலி தீந்தது."

"ஆனால் எங்கள் வீட்டில் விசேஷம் ஏதுமில்லை. ஒரே மகளைச் சென்ற ஆண்டுதான் பூதப்பாண்டியில் கட்டிக்கொடுத்தோம்."

"அறுவதாங் கல்யாணம்?"

"எனக்கு வயது நாற்பத்தாறு."

"காதுகுத்துன்னு எழுதும்."

"யாருக்கு?"

"எருமைக்குக் குத்தும். காது இருக்கில்லா?"

கணபதியப்பன் நன்றி கூறி விடைபெற்றார். பொய்யின் கீழ்க் கையெழுத்திட அவரால் இயலாது. தொழுவத்துக்குத் திரும்பி, நடந்ததை ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொல்லி, "விதி வழி காட்டுகிறது; ஆனால் நம்மிடம் விசேஷம் இல்லை" என்று முடித்தார்.

வடிவாம்பாள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நம்ம கல்யாணத்த எழுதுங்கோ."

"என்ன?"

"நம்ம கல்யாணம். அதுதான் இன்னும் முடியல்லியே."

பத்தொன்பது ஆண்டுகளாக ஏச்சாகவே கேட்டுவந்த ஒன்றை அன்றுதான் கணபதியப்பன் ஒரு பத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தாலி ஏறியது உண்மை. சுற்று இரண்டு என்பதும் உண்மை. மூன்றாவது நடைபெறவில்லை என்பதற்கு மீனாட்சியம்மாள் உயிரோடு இருக்கும் சாட்சி. இதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் தொழுவத்தின் மூலையில் அமர்ந்து, மையைத் தொட்டு, தமக்கே உரிய அழகிய எழுத்தில் பந்தலுக்கு விண்ணப்பம் எழுதினார்: 'விசேஷம்: விண்ணப்பதாரரின் திருமணம் (மீதி).'

ஞானதாசனிடம் அதைக் காட்டி விவரம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பதினொண்ணு ஐப்பசியா? அந்தப் பந்தலப் போட்டது எங்க அப்பனாக்கும். அவரு போட்டு விழுந்தது அந்த ஒண்ணுதான். சாவ வரைக்கும் மழை மேகத்தப் பாத்தா அவரு எந்திரிச்சுப் போயி வீட்டுக் கதவச் சாத்துவாரு." பன்னிரண்டாம் கலத்தில் தம் பெயரை அவரே பேனாவை வாங்கி அழுத்தி எழுதினார். "இந்தப் பந்தல் விழாது பிள்ளேவாள்."

கிருஷ்ணமணி விண்ணப்பத்தை மூன்று முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறையும் படித்தார்.

"மணமகள் பேரு?"

"வடிவாம்பாள்."

"மணமகளுக்க இப்பத்த மேல்விலாசம்?"

"விண்ணப்பதாரரின் எருமைத் தொழுவம்."

கிருஷ்ணமணி அதையும் எழுதிக்கொண்டார். "எனக்கு இருபது வருச சர்வீசு பிள்ளேவாள். மீதிக் கல்யாணத்துக்கு அனுமதி கொடுக்கப்பிடாதுன்னு எங்கயும் வாசிச்சதா ஞாபகம் இல்ல" என்று சொல்லி, முத்திரையை ஊதி ஊதி அழுத்தினார்.

வேலை தொடங்குவதில் மட்டும் சிறு தடங்கல் ஏற்பட்டது. பந்தக்காரனுக்குக் கீழே தாம் வேலை செய்வதில்லை என்று கோலப்பன் ஆசாரி உளிப்பையை எடுத்துவிட்டார். ஞானதாசன் முற்றத்து மாமரத்தடியில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தார்.

"ஆசாரியாரே, நல்லாப் பாரும். கீழ இருக்கது நான். மேல ஏறப் போறது நீரு. இதுல ஆருக்குக் கீழ ஆரு?"

ஆசாரி பாயையும் முகட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அந்த ஏற்பாடு அவருக்குச் சம்மதமாயிற்று. வைகாசி பதினைந்துக்குள் உத்திரம் ஏறி, கழுக்கோல்கள் இறங்கி, அவற்றின் குறுக்கே பட்டியல் சட்டம் அடித்தாயிற்று. இருபதாம் தேதி முகூர்த்தம் என்று அனுமதியில் கண்டிருந்தது. ஓடு அடுக்கும் வேலையே மிச்சம். வானம் அகத்தீசுவரம் பக்கமாக நாள்தோறும் கறுத்துக் கறுத்துக் கலைந்தது.

பத்தொன்பதாம் தேதி மாலையில், விதிப்படி இருக்கட்டுமே என்று ஞானதாசன் வாசலில் இரண்டு குலைவாழைகளைக் கட்டினார். அவ்வளவுதான். நாஞ்சில் நாட்டில் ஒரு வீட்டு வாசலில் வாழை ஏறினால் அங்கே ஊர் கூடி மறுநாள் விருந்துக்குக் காய் நறுக்கும் காய்வெட்டு உண்டு என்பது எல்லோரும் அறிந்தது; அதற்குத் தனி அழைப்பு யாரும் எதிர்பார்ப்பதில்லை. பொழுது சாய்வதற்குள் ஊரே அரிவாள்மனையும் கத்தியுமாக வந்து முற்றத்தில் நின்றது. பெண்கள் நால்வர் குரவையிட்டார்கள். தாணு பூசணிக்காய் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார்.

"ஓய் கணவதி, சொல்லவே இல்லியே. பொண்ணு எந்த ஊரு?"

"இதே ஊர்தான்" என்றார் கணபதியப்பன் கூச்சத்துடன்.

"பொருத்தம் பாத்தாச்சா?"

அதற்கு வடிவாம்பாள் உள்ளிருந்து பதில் சொன்னாள்: "பாத்தோம் அண்ணாச்சி. ஒண்ணும் பொருந்தல்ல. ஆனா பத்தொம்பது வருசம் ஆயிட்டுல்லா, இனி சொல்லி என்ன?"

வெட்டுவதற்குத் தாணுவின் பூசணிக்காயைத் தவிர வேறு காய் இல்லை. அறுபது பேருக்கு ஒரு பூசணி. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கையிலே வேலையில்லாமல் திரும்பிப் போவது மரியாதையன்று என்று சிலர் ஓட்டு அடுக்கின் பக்கம் பார்வையைத் திருப்பினார்கள். கோலப்பன் ஆசாரி முகட்டிலிருந்து, "வந்ததுதான் வந்திய, நின்ன எடத்துல நின்னு ஒவ்வொண்ணா நீட்டுங்க மக்கா" என்றார். முற்றத்திலிருந்து ஏணிவரை வரிசை நின்றது. காய்வெட்டில் பேசும் பேச்சு ஒன்றும் குறையவில்லை. யார் வீட்டு மாமியார் யாரை என்ன சொன்னாள் என்பது ஓட்டோடு ஓடாகக் கைமாறி மேலே போயிற்று. விளக்கேற்றும் நேரத்தில் முகட்டு ஓடுகள் ஐந்தாறு மட்டுமே எஞ்சியிருந்தன. அவற்றை விடிந்ததும் தம் கையாலேயே வைக்கப்போவதாக ஆசாரி சொல்லிவிட்டார்.

கணபதியப்பன் ஊராருக்கு நன்றி சொல்ல ஏணியடியில் நின்று, 'மேற்படி உதவிக்கு' என்று தொடங்கினார். அதற்கு மேல் வாசகம் ஓடவில்லை.

இருபதாம் தேதி காலையில் ஊரார் உண்மையாகவே காய்கறியும் அரிசியும் கொண்டுவந்து கல்யாணச் சமையலைத் தொடங்கிவிட்டார்கள். புதுக் கூரையின் கீழ், கூடத்தின் நடுவே மணவறை அமைந்தது. கிருஷ்ணமணி குடையோடும் பதிவேட்டோடும் வந்து, விருந்தாளியா அதிகாரியா என்று தீர்மானிக்க முடியாமல் வாசற்படியில் நின்றார். மீனாட்சியம்மாளை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள். சாட்சி அல்லவா?

கணபதியப்பன் சரிகைக் கரை போட்ட கசவு வேட்டியில் நின்றார். வடிவாம்பாள் தாலி ஏறிய கழுத்தோடு பட்டுடுத்தி வந்தாள். வாத்தியார், இப்படியொரு சடங்குக்கு மந்திரம் எங்கிருந்து தொடங்குவது என்று சிறிது தயங்கி, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். இருவரும் சுண்டுவிரல் கோத்துக் கிழக்கு மூலையிலிருந்து காலெடுத்து வைத்த அந்த நேரத்தில், காத்துக்கொண்டிருந்ததுபோல் மழை இறங்கியது.

அது சாரல் அன்று, இடவப்பாதி. ஓட்டின்மேல் அது விழுந்த ஓசையில் குரவையே கேட்கவில்லை. எல்லோரும் கழுத்தை மடக்கி மேலே பார்த்தார்கள். ஞானதாசன் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, விழுந்தால் தம்மேல் விழட்டும் என்பதுபோல் நின்றார். ஒரு சொட்டு இறங்கவில்லை. மண்சுவர் நான்கும் மாவு தடவியதுபோல் உலர்ந்திருந்தன.

தெற்கு மூலை திரும்பியாயிற்று, மேற்கும் திரும்பியாயிற்று. கணபதியப்பனின் நெஞ்சில் பத்தொன்பது ஆண்டுப் பாரம் ஒவ்வோரடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இனி உப்பு மறந்தால் உப்பு மறந்ததாக மட்டுமே இருக்கும். வடக்கு மூலை வந்தது. அங்கிருந்து கிழக்குக்கு நான்கே அடி.

வடிவாம்பாள் நின்றுவிட்டாள்.

"கால் வலிக்கிறதா?" என்றார் அவர் மெல்ல.

"இல்ல." அவள் வாசற்படியைப் பார்த்துத் திரும்பினாள். "ஆபீசர் சாருட்ட ஒண்ணு கேக்கணும். இந்தச் சுத்து முடிஞ்சா விசேஷம் முடிஞ்சுதுன்னு அர்த்தமா?"

கிருஷ்ணமணி திடுக்கிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். "அதே, அதுதான் அர்த்தம்."

"முடிஞ்சா இந்த ஓட்ட எறக்கப் பதினஞ்சு நாள்தானே?"

"அதே. மேலாபீசு அனுமதி அதுக்குள்ள வந்துட்டா..."

"வருமா?"

கிருஷ்ணமணி உண்மை பேசுகிறவர். "தையில போன கடலாசு. எனக்கு உறப்பில்ல" என்றார்.

"அப்பம் நான் இங்கின நிக்கேன்" என்று சொல்லி வடிவாம்பாள் அந்த மூலையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

வாத்தியார், "முகூர்த்தம் போயிரும் அம்மா" என்றார்.

"அது பத்தொம்பது வருசத்துக்கு முந்தியே போயிட்டு சாமி."

"வடிவு" என்றார் கணபதியப்பன். அவர் குரல் கெஞ்சியது. "நாலு அடிதான்."

"நாலு அடிதான். அதுக்கப்புறம் பதினஞ்சு நாள்தான். அதுக்கப்புறம் எருமதான்." அவள் அவரை அண்ணாந்து பார்த்தாள், ஏச்சு இல்லாத பார்வை. "நீங்கோ வேணும்னா போயி முடிச்சுக்கிடுங்கோ."

அவர் கிழக்கு மூலையைப் பார்த்தார். அங்கே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை அருகில் அது என்றும் வந்ததில்லை. பிறகு மேலே பார்த்தார். அறுபது பேர் கைமாற்றிய ஓடு. தம் வாழ்நாளில் தொடங்கிய எந்த நகலையும் அவர் முடிக்காமல் எழுந்ததில்லை. கசவு வேட்டியைச் சற்றே தூக்கிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார்" என்றார் கிருஷ்ணமணியிடம், மிகுந்த பணிவுடன். "மேற்படி விசேஷம் நடைபெற்றுக்கொண்டிருப்பதாகக் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்."

கிருஷ்ணமணி வாசல்வரை போய் மழையைப் பார்த்தார். அவர் குடியிருந்தது பஞ்சாயத்துக் குளத்தங்கரையில் ஓர் ஓலை வீடு. "என் வீட்டுக்குள்ள இப்பம் திற்பரப்பு அருவி விழும்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். திரும்பி வந்து, தலையை நன்றாகத் தூக்கி உத்திரத்தைப் பார்த்தார். கோலப்பன் ஆசாரி மீசையைத் தடவிக்கொண்டார். அதன்பின் கிருஷ்ணமணி பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'நேரில் பார்வையிட்டேன். விசேஷம் நடந்துகொண்டிருக்கிறது. பந்தல் விதிப்படி நிற்கிறது.'

"கல்யாணம் முடியாம எப்பிடி எல போடது?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரெண்டேமுக்கால் முடிஞ்சிட்டு" என்றார் மீனாட்சியம்மாள் நாற்காலியிலிருந்து. "அவியல் ஆறும் முன்ன எலயப் போடுங்க."

மேலாபீசு அனுமதி அந்த மாதம் வரவில்லை; அந்த ஆண்டும் வரவில்லை. கிருஷ்ணமணி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்து, காப்பி குடித்து, 'விசேஷம் தொடர்கிறது' என்று எழுதிப் போனார். கோலப்பன் ஆசாரி வடக்கு மூலையில், வடிவாம்பாள் நின்ற இடத்தில், தரையில் ஒரு பித்தளை ஆணி அடித்துக்கொடுத்தார். கணபதியப்பனின் பட்டமும் உயர்ந்தது. உப்பு மறந்தால் இப்போது, "ரெண்டேமுக்கால் சுத்துப் புருசன், பின்ன எப்பிடி இருக்கும்?" என்று கேட்கலானாள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு நவம்பரில் ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அலுவலகப் பலகைகள் மாறின. கிருஷ்ணமணிக்கும் மாறுதல் வந்தது. போகும் முன் அவர் செய்த கடைசி வேலையாக இருக்க வேண்டும், மார்கழியில் ஒரு நாள் காலை பியூன் நீள உறை ஒன்றைக் கொண்டுவந்து கணபதியப்பனிடம் கொடுத்தார்.

அனுமதி வந்துவிட்டது. ஓலைக் கூரையை நீக்கி ஓடு வேய்ந்துகொள்ளலாம். கணபதியப்பன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை தானாகவே இரண்டாம் பக்கத்தைத் திருப்பியது. நிபந்தனை ஒன்று: பணி தொடங்குமுன், மேற்படி இடத்தில் தற்போதுள்ள தற்காலிகப் பந்தல் முழுவதும் அகற்றப்பட வேண்டும். நிபந்தனை இரண்டு: அகற்றியதைப் பார்வையிட்ட பின்னரே புதிய கூரை போடத் தொடங்கலாம்.

அவர் இருமுறை படித்தார். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மேசைக்குப் போய், வெள்ளைத்தாள் எடுத்து, மூன்று படிகளில் பதில் எழுதினார்:

'தாங்கள் அன்புடன் அளித்த அனுமதிக்கு என்றும் கடமைப்பட்டுள்ளேன். எனினும் என் திருமணம் இன்னும் நிறைவு பெறாத நிலையில், அதனைத் தற்சமயம் பயன்படுத்திக்கொள்ள இயலாமைக்குப் பெரிதும் வருந்துகிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

அனுமதிக் கடிதத்தை மடித்து, ஒரு கழுக்கோலுக்கும் ஓட்டுக்கும் நடுவே, நனையாத இடமாகப் பார்த்துச் செருகி வைத்தார்.

"கடலாசுல என்ன?" என்று கேட்டபடி வடிவாம்பாள் நெல் அவித்த அண்டாவின் ஒரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "இதுல ஒரு கை பிடியுங்கோ. முன்வாசலுக்குக் கொண்டு போணும்."

அவர் மறு காதைப் பிடித்தார். இருவரும் வடக்கு மூலைவரை வந்தார்கள். பித்தளை ஆணி கண்ணில் பட்டது. முன்வாசலுக்கு அங்கிருந்து, கிழக்கு மூலை வழியாக, நான்கே அடி.

கணபதியப்பன் நின்றார். அண்டா கனத்தது.

"அடுக்களை வழியா போவோம்" என்றார்.

"அது பெரிய சுத்தாச்சே" என்றாள் வடிவாம்பாள்.

"சுற்றானால் என்ன?" என்று சொல்லி அவர் பின்பக்கமாகவே நடந்தார், அவளும் முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் அண்டாவை விடாமல், அவரோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள்.